மூடுபனியில் பறந்த முப்பத்தொன்று

காலை பத்து மணிக்கு ஹெட்லைட் போட்டு ஆட்டோ ஓட்டினால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். லிந்துலைப் பக்கம் யாரும் சிரிப்பதில்லை. முன்னால் வருவது பஸ்ஸா மாடா என்று கிட்டத்தில் போய் இடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அப்படியொரு பனி.

"மிஸ், ரோடு எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா நான் அதுலயே ஓட்டுவேன்," என்றார் இராமையா.

"ஓட்டுறது நீங்கதானே இராமையாண்ணே."

"துப்பறியிறது நீங்கதானே. முதல்ல ரோட்டைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. கொலைகாரனை அப்புறம் பாத்துக்கலாம்."

"கொலையே நடக்கல."

"நாப்பத்து மூணு நடந்திருக்கு. ரெக்கை இருந்தா உசுரு இல்லையா?"

மார்கிரட் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஹட்டன் டவுனில் பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை எடுத்து 'தனியார் விசாரணை' என்று பலகை மாட்டி ஆறு வருஷமாகிறது. அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பனிக்காகப் பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதே வேலை. இராமையா இருபது வருஷம் தேயிலையில் உழைத்துவிட்டு ஆட்டோ வாங்கியவர். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுவார், இலவசமாக வாய் ஓட்டுவார்.

அவள் மடியில் கிடந்தது ஒரு போட்டோ கொப்பி. சின்னராசா பொலிஸில் கொடுத்த வாக்குமூலம், சிங்களத்தில், கீழே அவருடைய கையெழுத்தோடு.

சின்னராசா ஸ்டோன்வேல் தோட்டத்துத் தொழிலாளி. ஐம்பத்தெட்டு வயது. போன திங்கட்கிழமை, பதினாறாம் திகதி, நானுஓயா ஸ்டேஷன் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றிருக்கிறார். பொலிஸ் சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தால் உள்ளே நாற்பத்து மூன்று செத்த வண்ணத்துப்பூச்சிகள். ஒவ்வொன்றும் முக்கோணமாக மடித்த தாளுக்குள் பத்திரமாக இருந்தது. குருவிப்பாறை சரணாலயத்துக்குள் புகுந்து பிடித்து விற்கக் கொண்டுபோனார் என்று வழக்கு. தோட்டத்துக்கு மேலே இருக்கும் காடுதான் குருவிப்பாறை. உள்ளே ஒரு இலையைக் கிள்ளினாலும் குற்றம். பதினாலாம் திகதி தானே எடுத்ததாக அவரே சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒன்பது நாளாக ரிமாண்ட். நாளைக் காலையில் கோர்ட்.

இன்றைக்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் மனுஷன் ஜெயிலுக்குப் போவது நிச்சயம் என்று லோயர் நேற்றே கையை விரித்துவிட்டார்.

"இராமையாண்ணே, பதினாலாம் திகதி காலையில பனியா வெயிலா?"

"பனிதான். இன்னிக்கை விட மோசம். லிந்துலைச் சந்தியில பால்காரரோட சைக்கிளை இடிச்சு, அவரு பேசின பேச்சு இன்னும் காதுல கெடக்கு. மணி பதினொண்ணு இருக்கும்."

"பதினொண்ணா? நிச்சயமா?"

"திட்டு வாங்கின நேரம் மறக்குமா மிஸ்."

மார்கிரட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாக்குமூலத்திலும் பதினொரு மணி என்றுதான் இருந்தது. "பனியில வண்ணத்துப்பூச்சி பறக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சு பனியில பறக்குறது நான் ஒருத்தன்தான்."

ஒரு வாரமாக இருட்டில் தடவிக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு பிடி கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவம்.

ஸ்டோன்வேல் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் மூன்றாவது காம்பிராதான் சின்னராசாவின் வீடு. கதவைத் திறந்தவள் நிலக்ஷி, சின்னராசாவின் ஒரே மகள், மார்கிரட்டைத் தேடி வந்து கேஸைக் கொடுத்ததும் அவள்தான். வயது இருபத்தாறு. அந்த லயத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். குருவிப்பாறையில் என்னென்ன வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று இரண்டு வருஷமாகக் கணக்கெடுப்பது அவளுடைய வேலை. ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய சேர் ஒருவர் கொழும்பிலிருந்து எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். காட்டில் நடப்பது இவள் மட்டும்தான்.

"எப்படிக் கணக்கெடுப்பீங்க?" என்று கேட்டாள் மார்கிரட்.

"ஒரே பாதை மிஸ். ஒரு கிலோமீட்டர். மெதுவா நடக்கணும். ரெண்டு பக்கமும் ரெண்டரை மீட்டருக்குள்ள பறக்குறதை மட்டும் எழுதணும். பின்னாடி திரும்பிப் பாக்கக் கூடாது, ஒண்ணையே ரெண்டு தரம் எண்ணிருவோம்."

"தேயிலையில எங்களை வேலை வாங்கின கங்காணிக்கும் இந்த ரூல் போட்டிருக்கணும். பின்னாடி படுத்துக் கெடந்த என்னைத் திரும்பியே பாத்திருக்க மாட்டாரு," என்றார் இராமையா.

"பனி நாள்ல நடப்பீங்களா?"

"நடக்கவே கூடாது மிஸ். வெயில் பட்டு உடம்பு சூடானாத்தான் அதுக்கு ரெக்கை வேலை செய்யும். பனின்னா இலைக்கு அடியில போய் ஒட்டிக்கிட்டு அசையாது." சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அதுதான் எனக்கு வேணும்," என்றாள் மார்கிரட். "பதினாலாம் திகதி பதினொரு மணிக்கு இந்தப் பக்கம் பூராவும் பனி. ஒரு பூச்சி பறந்திருக்காது. அப்ப உங்க அப்பா நாப்பத்து மூணை எப்படிப் பிடிச்சிருப்பாரு? லோயர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாப் போதும்."

நிலக்ஷியின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று மார்கிரட் காத்திருந்தாள். வரவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மேல வெயில் இருந்துச்சு மிஸ். கீழதான் பனி. அன்னிக்கு நான் நடந்தேன்."

"என்ன சொல்ற?"

அவள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டு வருஷத்துத் தாள்கள், நடை ஒன்றுக்கு ஒரு தாள். மேலே கடைசியாக நடந்தது இருந்தது. பதினாலாம் திகதி. ஆரம்பம் பத்தரை, முடிவு பதினொன்றரை. வெயில். மொத்தம் முப்பத்தொரு பூச்சி, பன்னிரண்டு இனம்.

"இதோட கொப்பி பொலிஸ்லயும் இருக்கு," என்றாள். "சேருக்கு நான் அனுப்பினது. அப்பாவைப் புடிச்ச அன்னிக்கே அவரு குடுத்திருக்காரு."

"உங்க அப்பாவைக் காப்பாத்த இருந்த ஒரே வழியை நீயே அடைக்கிறியே."

"உண்மையைத்தானே மிஸ் சொல்லணும்."

மார்கிரட்டுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கோப்பைச் சும்மா புரட்டினாள். ஒவ்வொரு தாளும் பட்ட பாடு பார்த்தாலே தெரிந்தது. தூறல் விழுந்து மை கலங்கியிருந்தது, மூலைகள் மடங்கியிருந்தன, இடையிடையே அட்டை கடித்த இரத்தத்தின் கறுத்த பொட்டுகள். பதினாலாம் திகதித் தாளை மறுபடியும் எடுத்தாள். அதில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

"எல்லாத் தாளும் மலைக்குப் போய்ட்டு வந்திருக்கு," என்றார் எட்டிப் பார்த்த இராமையா. "இது மட்டும் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்திருக்கு."

நிலக்ஷி தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனாள். மார்கிரட் அந்தத் தாளைத் திருப்பி வைத்தாள். இன்சூரன்ஸில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட சுத்தமான தாள்களை நிறையப் பார்த்தவள். ஆனால் அங்கே பிடிபடுகிறவன் எதிராளி. இங்கே கேஸ் கொடுத்தவளே அல்லவா. மனதுக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வாக்குமூலத்தைக் கையில் எடுத்தாள்.

"அதுல என்னதான் மிஸ் எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லுங்க. சிங்களம் பேசச் சொன்னா பேசுவேன், எழுத்து தெரியாது."

மார்கிரட் வாசித்து மாற்றினாள். "பதினாலாம் திகதி, பதினொரு மணிக்கு, மலையில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தேன்."

"சேகரித்தேனா? சின்னராசா அண்ணன் அப்படிப் பேசுவாருன்னா நான் கோட்டு சூட்டு போட்டுத்தான் ஆட்டோ ஓட்டணும்."

"அவரு சொன்னதைத் தமிழ்ல கேட்டு சிங்களத்துல எழுதியிருக்காங்க. கேட்டது மட்டக்களப்புப் பக்கத்துப் பொலிஸ்காரத் தம்பி ஒருத்தர், இந்தப் பக்கத்துக்குப் புதுசு."

"அப்ப அண்ணன் வாயால என்ன சொன்னாரு?" இராமையா வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "மிஸ், தோட்டத்து ஆளு மணி சொல்ல மாட்டான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு முந்தின்னு சொல்லுவான், கொழுந்து நிறுக்கிற நேரம்னு சொல்லுவான். பதினொரு மணிக்குன்னு சொல்ல அவரு என்ன ஸ்டேஷன் மாஸ்டரா? பதினொண்ணு... மலையில..."

அவர் வாய் அப்படியே நின்றது. அந்த வாய் நின்று மார்கிரட் பார்த்ததில்லை.

"மிஸ், மலைன்னா உங்களுக்கு என்ன?"

"என்ன கேள்வி இது. மலைதான். சிங்களத்துல 'கந்த'ன்னு சரியாத்தான் எழுதியிருக்கு."

"டவுன்ல பொறந்தா இதுதான். மிஸ், நாங்க காலையில மலைக்குப் போறோம்னா காட்டுக்கா போறோம்? தேயிலைக்குப் போறோம். இங்க ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நம்பர் இருக்கு. நாலு மலை, ஏழு மலை, பதினொண்ணு மலை. அண்ணன் சொன்னது மணியே இல்ல. 'பதினொண்ணு மலையில பொறுக்குனேன்'னு சொல்லியிருக்காரு."

மார்கிரட் வாக்குமூலத்தை மறுபடியும் பார்த்தாள். பதினோராம் நம்பர் தேயிலையில் பொறுக்கினேன் என்று சொன்னவனை, பதினொரு மணிக்குக் காட்டு மலையில் பிடித்தேன் என்று எழுதி ஒன்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறார்கள். அவளும் ஒரு வாரமாக அதையே வாசித்துக்கொண்டிருந்தாள். ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. தன்னைத்தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

"இராமையாண்ணே, இந்த மாசம் உங்களுக்குச் சம்பளம் கூட."

"அதை சிங்களத்துல எழுதாதீங்க மிஸ். வேற என்னவோ ஆயிரும்."

தேத்தண்ணியோடு வந்த நிலக்ஷியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் தட்டை வைத்துவிட்டுத் தாள்களை அடுக்கிக் கோப்புக்குள் செருகினாள். பதினொண்ணு மலைக்கு நீயும் வா என்றதற்குத் தலைவலி என்றாள்.

பதினோராம் நம்பர் தேயிலை மலை லயத்திலிருந்து இருபது நிமிஷ ஏற்றம். தேயிலையின் மேல் விளிம்பு சரணாலயத்து வேலியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கே மருந்தடிக்கிற ஆட்களில் ஒருவர் டாங்கியை இறக்கி வைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பெயர் வீரய்யா. சின்னராசாவின் பேரைச் சொன்னதும் ரொட்டியை மடித்து வைத்துவிட்டார்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"நீங்க சொல்றதைப் பொறுத்திருக்கு," என்றாள் மார்கிரட். "பதினாலாம் திகதி இங்க என்ன நடந்துச்சு?"

வீரய்யா கையைக் காட்டினார். தேயிலைக்கும் வேலிக்கும் நடுவில் மழைத்தண்ணி ஓடுவதற்கு வெட்டிய கான், அடியில் ஈரச் சேறு. "முந்தின நாளு நல்ல வெயில். புல்லுக்கு மருந்து அடிச்சிட்டு டாங்கியை இந்தக் கான்லதான் கழுவினேன். பதினாலாம் திகதி காலையில பனி, என் கையே எனக்குத் தெரியல. அண்ணன்தான் முதல்ல பாத்தாரு. கான் பூராவும் வண்ணத்துப்பூச்சி. மஞ்சளு, வெள்ளை, நீலக்கோடு போட்டது, எல்லாம் செத்துக் கெடந்துச்சு."

"இங்க எதுக்கு வந்துச்சு அத்தனையும்?"

"சேத்துல உப்பு குடிக்க வருமாம். நிலக்ஷி புள்ள அண்ணன்கிட்ட சொல்லியிருக்கு. வெயில்ல வந்து குடிச்சிருக்கு, நான் கழுவின தண்ணியை." அவர் குரல் இறங்கியது. "அண்ணன் ஒரு வார்த்தை என்னைத் திட்டல. ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தாள்ல மடிச்சாரு. பதினாறாம் திகதி சேர் ரயில்ல வர்றாரு, காட்டினா ஏதாவது செய்வாருன்னாரு. சேர் எறங்குறதுக்கு முன்னாடியே புடிச்சிட்டாங்களாம்."

"நாளைக்குக் கோர்ட்ல வந்து இதைச் சொல்லுவீங்களா?"

மார்கிரட் இல்லை என்ற பதிலுக்குத் தயாராக இருந்தாள். தோட்டத்தில் இருந்துகொண்டு தோட்டத்து மருந்தைப் பற்றிக் கோர்ட்டில் பேச யாருக்குத் துணிச்சல் வரும். வீரய்யா கையைக் கழுவிவிட்டுச் சொன்னார். "வர்றேன் மிஸ். எனக்காகத்தான் உள்ள இருக்காரோன்னு ஒம்பது நாளாச் சாப்பாடு எறங்கல. என்ன ஆனாலும் சரி, வர்றேன்."

"இவ்வளவு நாளா ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு மிஸ் கேட்டா? நிலக்ஷிகிட்ட சொல்லலாம்னா அதுவும் இங்க இல்லையே. பன்னெண்டாம் திகதி கொத்மலைக்கு அத்தை சாவுக்குப் போன புள்ள. பதினஞ்சு பொழுது சாயத்தான் வந்துச்சு. சாவு வீட்டுல இருந்து வர்ற புள்ளகிட்ட இப்ப வேணாம், முதல்ல சேர்கிட்ட காட்டுறேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. மறுநாளே அப்பனைப் புடிச்சிட்டாங்க. அழுதுகிட்டே இருக்கிற புள்ளகிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றது."

இராமையா மார்கிரட்டைப் பார்த்தார். மார்கிரட் வேலியைப் பார்த்தாள். இரண்டு பேரும் இறங்கத் தொடங்கினார்கள்.

"பனியில பறந்த முப்பத்தொண்ணும் கொத்மலையில பறந்திருக்கு," என்றார் இராமையா பாதி வழியில். அவருக்கே அந்தப் பகடி பிடிக்கவில்லை.

நிலக்ஷி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வந்த விதத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"அந்தத் தாள் பொய் மிஸ்," என்றாள்.

"ஏன் செஞ்ச?"

"மாசத்துக்கு ரெண்டு நடை. முதல் நடை பதினஞ்சாம் திகதிக்குள்ள முடிக்கணும். ஒண்ணு விட்டாலும் அந்த வருசத்தையே கணக்குல சேர்க்க மாட்டோம்னு சேர் சொல்லியிருந்தாரு. அடுத்த மாசம் குருவிப்பாறைக்குள்ள ரோடு வெட்டலாமா வேண்டாமான்னு கூட்டம் இருக்கு. வேண்டாம்னு சொல்ல இந்தத் தாளுங்களை விட்டா வேற ஒண்ணும் கிடையாது. ரெண்டு வருசம் மிஸ். நாப்பத்தேழு நடை உண்மையா நடந்தேன். நாப்பத்தெட்டாவது ஒண்ணு. போன மாசத்துக் கணக்கைப் பாத்து எழுதினேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதிமூணுன்னு எழுதியிருந்தாத் தாள் தப்பிச்சிருக்கும். அன்னிக்கு வெயிலாம். எனக்கு எப்படித் தெரியும், நான் இங்க இல்லையே."

மார்கிரட் அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்தாள். அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையில ஏன் என்கிட்ட மறைச்ச?"

"அப்பா காட்டுக்குள்ளதான் புடிச்சாருன்னு நானும் நம்பினேன் மிஸ். எனக்கு உதவி பண்றதா நெனச்சு ஏதோ செஞ்சிட்டாருன்னு. எப்படியும் மாட்டிக்கிட்டாரு, இதையும் சொல்லி ரெண்டையும் கெடுக்க வேணாம்னு..." அவள் எழுந்து நின்றாள். "இப்பத் தெரிஞ்சிருச்சு. நாளைக்கு நானே சொல்றேன். வேலை போகட்டும், ரோடு வரட்டும். எனக்கு அப்பா வேணும்."

அன்று ஹட்டனுக்குத் திரும்பும்போது மார்கிரட் மனதில் கணக்குப் போட்டாள். சொல் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, பொய்த் தாளை எழுதியவளே ஒப்புக்கொள்கிறாள். ஆறு வருஷத்தில் இவ்வளவு முழுசாக ஒரு கேஸ் கையில் அமைந்ததில்லை.

வியாழக்கிழமை காலை. வீரய்யா சலவைச் சட்டையோடு கோர்ட் வாசலில் நின்றார். நிலக்ஷி சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணைக்கு இராமையா. லோயர் கெஞ்சிக் கேட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சின்னராசாவிடம் பேச மார்கிரட்டுக்கு ஐந்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தார்.

சின்னராசா மெலிந்த மனிதர். பத்து நாள் தாடி. மார்கிரட் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பதினொண்ணு மலை, பொறுக்கினது, கான், வீரய்யா. கடைசியில், "பொலிஸ்ல நீங்க சொன்னதைத் தப்பா எழுதிட்டாங்க. உங்களுக்கு அது தெரியாம நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. இன்னிக்குத் திருத்திரலாம்," என்றாள்.

"தெரியாமலா?" என்றார் சின்னராசா. "எனக்குத் தெரியும் மிஸ்."

"என்ன தெரியும்?"

"கொழும்புல பதினெட்டு வருசம் ஹார்ட்வெயார் கடையில நின்னேன். தமிழை விட சிங்களம் எனக்கு நல்லா வரும். பொலிஸ்ல தமிழ்ல கேட்டாங்க, தமிழ்லயே சொன்னேன். எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டினாங்க. பதினொண்ணு மலைன்னு சொன்னதை மணி பதினொண்ணுன்னு வாசிச்சாங்க. அய்யோ, அப்படி இல்லைங்கன்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன்."

"அப்புறம்?"

"மேசையில ஒரு தாள் கெடந்துச்சு. எம்புள்ள எழுத்து. பதினாலாம் திகதி, வெயில், முப்பத்தொண்ணுன்னு போட்டிருந்துச்சு. பதினாலாம் திகதி எம்புள்ள கொத்மலையில இருந்தது எனக்குத் தெரியாதா?" அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொறந்த வாயை மூடிக்கிட்டேன்."

ஒரு வாரம் ஓடி ஓடிக் கண்டுபிடித்ததை இந்த மனுஷன் முதல் நாளே தெரிந்து, அதன் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"மணியை மட்டும் திருத்தலாமே. தாளைப் பத்திப் பேசாம, பதினொண்ணு மலைன்னு மட்டும் சொன்னா என்ன?"

"வீரய்யா ஏறி நின்னா முதல் கேள்வி என்ன வரும்? அன்னிக்குப் பனியா வெயிலான்னுதானே. அவனுக்குப் பொய் வராது மிஸ், பனின்னுருவான். அதோட எம்புள்ள தாள் பொய்யாயிரும்."

"நிலக்ஷியே எல்லாத்தையும் சொல்றதுக்குத் தயாரா இருக்கா. நீங்க போனா தோட்டத்துல உங்க பேரை வெட்டிருவாங்க. காம்பிராவும் போயிரும். ஆறு மாசம் போடுவாங்க, கேளுங்க அண்ணே."

"ஆறு மாசம் ஒரு நாளைக்கு முடிஞ்சிரும். பொய்க் கணக்கு எழுதினவள்னு அவ மேல விழுந்த பேரு முடியுமா?" கம்பி வழியே கோர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார். "அவ எங்க இருக்கா?"

"உள்ள. பின் பெஞ்சில."

"அவளுக்குச் சிங்களம் வராது, இல்லையா? தமிழ்லயே படிச்சிட்டா. நான்தான் சொல்லிக் குடுக்கல."

இதைச் சொல்லும்போது சின்னராசா சிரித்தது மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

முதல் வழக்கே அவருடையதுதான். கூண்டில் ஏற்றினார்கள். தமிழ் தெரிந்த முதலியார், அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவர், பக்கத்தில் வந்து நின்றார். லோயர் கோப்பைத் திறந்துகொண்டு எழுந்தார். மார்கிரட் பின் பெஞ்சியில் நிலக்ஷியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்ல வேண்டும், ஆனால் எதிலிருந்து ஆரம்பிப்பது.

லோயர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சின்னராசா கையைக் கூப்பி நீதவானைப் பார்த்துப் பேசினார். முதலியாருக்கு வேலையே வைக்கவில்லை. சிங்களத்தில் பேசினார், ஒரு எழுத்து பிசகாமல், கொழும்புக் கடைக்காரர் பேசுகிற சுத்தமான சிங்களத்தில். நீதவான் ஆச்சரியப்பட்டுத் திரும்ப ஒன்று கேட்டார். அதற்கும் பட்டென்று பதில் வந்தது. லோயர் திரும்பி மார்கிரட்டைத் தேடினார். மார்கிரட் மடியில் இருந்த கோப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து கத்தலாம். என்னவென்று கத்துவது? குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒருவன் தன் வாயால் சொன்ன பிறகு அவள் கையில் இருப்பது வெறும் கடதாசி.

நீதவான் எழுதினார். நிமிர்ந்து இரண்டு வரி சொன்னார். சின்னராசா தலையாட்டிவிட்டு, பின் பெஞ்சிப் பக்கம் பார்க்காமல் இறங்கினார்.

"மிஸ்," என்று நிலக்ஷி அவள் கையைப் பிடித்தாள். "அப்பா என்ன சொன்னாரு? ஏன் சிங்களத்துல பேசுறாரு?"

இராமையா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மார்கிரட்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பதினொரு மணிக்குன்னு சொன்னாரு. காட்டுக்குள்ளன்னு சொன்னாரு. வெயில் நல்லா இருந்துச்சாம், உசுரோட பறந்ததைத் தானே பிடிச்சாராம்."

"நீதவான் ஐயா என்ன சொன்னாங்க?"

"ஆறு மாசம்."

நிலக்ஷி எழுந்துவிட்டாள். தாளை விரித்துப் பிடித்து, "ஐயா, பொய் எழுதினது நான், எங்கப்பா இல்ல," என்று தமிழில் சத்தமாகச் சொன்னாள். அதற்குள் அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டு ஆட்கள் முன்னே நெருக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலியார் மேசை மேல் குனிந்து யாருடைய பெயரையோ தேடிக்கொண்டிருந்தார். வாசலில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. உதட்டில் விரலை வைத்துக் காட்டி, தோளை மெல்ல அழுத்தி அவளை உட்கார வைத்துவிட்டுப் போனார்.